ஊளை யாருக்கான செய்தி

இரவில் நாய் ஊளையிட்டால் தெருவில் ஒரு சாவு விழும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாயின் கண்ணுக்கு எமன் தெரிவான், அவன் ஏறி வரும் எருமையின் கழுத்து மணி நமக்குக் கேட்காவிட்டாலும் அதற்குக் கேட்கும் என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நோயாளி படுத்திருக்கும் வீட்டின் அருகே ஒரு நாய் முகத்தை உயர்த்தி நீளமாகக் குரலெடுத்தால், உள்ளிருந்து யாராவது கம்போடு வெளியே வருவதை இன்றைக்கும் பார்க்கலாம். கல்லெறி விழும். நாய் வாலை இடுக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடி, அங்கே நின்று மறுபடியும் ஊளையிடும். அது எமனைக் கண்டு அலறுவதில்லை, தன் இனத்தைக் கூப்பிடுகிறது என்பதை எடுத்துச் சொல்லவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கையை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் அதன் அடியில் உண்மையான கவனிப்பு ஒன்று இருக்கிறது. சாவு வீட்டையொட்டி நாய்கள் ஊளையிடுவது நடக்கத்தான் செய்கிறது. உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் வீட்டில் நள்ளிரவிலும் விளக்கு எரிகிறது. தெருவுக்குப் பழக்கமில்லாத உறவினர்கள் கடைசிப் பேருந்தைப் பிடித்து வந்து இறங்குகிறார்கள். 108 வண்டி ஏறி இறங்கும் ஒலியோடு வந்து நிற்கிறது. உயிர் போன பிறகு சங்கும் சேகண்டியும் ஒலிக்கின்றன, பெண்கள் குரலெடுத்து அழுகிறார்கள். இவற்றுள் ஆம்புலன்ஸின் ஒலியும் சங்கின் ஒலியும் அறுபடாமல் நீண்டு போகும் தன்மையால் நாயின் ஊளையோடு நெருங்கிய ஒற்றுமை உடையவை. தொலைவில் இன்னொரு நாய் அழைக்கிறது என்று எடுத்துக்கொண்டு தெரு நாய் பதில் கொடுக்கிறது. மில் சங்கு ஊதும்போது ஊளையிட்ட நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சுருதி உயர்ந்த ஒலிகளைக் கேட்பதில் மனிதனின் திறன் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) அளவில் நின்றுவிட, நாயினுடையது ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. மெல்லிய ஒலிகளையும் அது நம்மைவிட நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே வண்டி வருவது நமக்குத் தெரியும் முன்பே நாய் குரலெடுத்துவிடும். நாய் முதலில் ஊளையிட்டது, பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது, மறுநாள் சாவு நேர்ந்தது என்று பார்த்தவர்கள் வரிசைப்படுத்திக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரு சாவும் இல்லாமல் நாய் ஊளையிட்ட நூறு இரவுகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ஆம்புலன்ஸ் ஒலி காதை வலிக்கச் செய்வதால்தான் நாய் ஊளையிடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பட்டாசுச் சத்தத்தைத் தாங்க முடியாத நாய் வண்டிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் போய் ஒளிந்துகொள்கிறது, நடுங்குகிறது. ஆம்புலன்ஸ் ஒலிக்கு ஊளையிடும் நாயோ தெருவின் நடுவில் நின்று, ஒலி வந்த திசையை நோக்கிக் காதைத் திருப்பி, நிதானமாகக் குரல் கொடுத்துவிட்டு, சற்று நிறுத்திக் கேட்டு, மீண்டும் குரல் கொடுக்கிறது. பதிலை எதிர்பார்க்கும் பிராணியின் நடத்தையாகவே அது தெரிகிறது.

ஊளை எதற்காக உண்டானது என்பதைப் புரிந்துகொள்ள நாயின் நெருங்கிய உறவான ஓநாயிடம் போக வேண்டும். ஓநாய்க் கூட்டம் பரந்த நிலத்தில் பிரிந்து பிரிந்து இரை தேடுகிறது. காட்டில் ஒன்றையொன்று பார்க்க முடியாது. கணீரென்று ஒரே இழையாக நீளும், சுருதி தாழ்ந்த குரல்தான் அங்கே உதவும், ஏனென்றால் சுருதி உயர்ந்த சத்தங்களை மரங்களும் இலைகளும் உறிஞ்சிவிடுகின்றன, சுருதி தாழ்ந்த சத்தங்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகின்றன. அடர்ந்த காட்டில் பல கிலோமீட்டர் தொலைவுக்கும், மரங்களற்ற வெட்டவெளியில் அதைவிடத் தொலைவுக்கும் ஓநாயின் ஊளை எட்டும். இரவு நேரம் இதற்கு இன்னும் தோதானது. பகலில் சூடான தரை தன்னையொட்டிய காற்றையும் சூடாக்குவதால் ஒலி மேல்நோக்கி வளைந்து சிதறிவிடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் சற்று வெதுவெதுப்பான காற்று மேலேயும் நிற்பதால் ஒலி தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் தவழ்கிறது. நிலவைப் பார்த்து ஊளையிடுகிறது என்று நாம் எண்ணுவதற்கு அந்த உயர்த்திய முகம்தான் காரணம். கழுத்தை நீட்டி முகத்தை உயர்த்தும்போது தொண்டை நேராகிறது, குரல் தடையின்றி வெளியேறுகிறது. அமாவாசை இருட்டிலும் அது அப்படித்தான் முகத்தை உயர்த்தும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் காடுகளில் ஓநாய்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை அணிவித்து ஆராய்ந்த ஃபிரெட் ஹாரிங்டனும் டேவிட் மெக்கும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, ஊளைக்கு எல்லைக்காவல் என்ற வேலையும் உண்டு என்று காட்டியது. மனிதர்கள் ஊளையைப் போலக் குரல் கொடுத்துப் பார்த்தபோது, அப்போதுதான் வேட்டையாடிய இரையின் அருகே இருந்த ஓநாய்கள் இடத்தைவிட்டு நகராமல் பதில் ஊளையிட முற்பட்டன. காப்பதற்கு ஒன்றும் இல்லாத ஓநாய்கள் பல நேரம் வாய்திறக்காமல் விலகிப் போயின. கூட்டமாக ஊளையிடும்போது ஒவ்வொரு ஓநாயும் தன் சுருதியை மற்றொன்றின் சுருதியிலிருந்து விலக்கி, மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மூன்று ஓநாய்கள் ஊளையிட்டால் கேட்பவருக்கு ஏழெட்டு இருப்பதாகத் தோன்றும். எதிர்க்கூட்டத்துக்குத் தன் பலத்தைப் பெருக்கிக் காட்ட இதைவிடச் செலவில்லாத வழி வேறு இருக்க முடியாது.

ஆனால் என் மனத்தில் தங்கிவிட்டது 2013-இல் வெளியான வேறொரு ஆய்வு. ஆஸ்திரியாவில் ஓநாய்களைக் கையால் ஊட்டி வளர்த்து ஆராயும் நிலையம் ஒன்றில், ஒவ்வொரு ஓநாயாக வெளியே நடை அழைத்துச் சென்று, எஞ்சியவை எவ்வளவு ஊளையிடுகின்றன என்று கணக்கெடுத்தார்கள். பிரிந்து போனது கூட்டத்தில் உயர்ந்த இடத்தில் இருந்த ஓநாய் என்றால் ஊளை கூடியது. பிரிந்து போனது தனக்கு மிக நெருக்கமான துணை என்றாலும் ஊளை கூடியது. எச்சிலில் கார்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோனையும் அளந்து பார்த்தார்கள். ஊளை கூடியதற்கு வெறும் பதற்றம் காரணமாகத் தெரியவில்லை, உறவின் நெருக்கமே காரணமாகத் தெரிந்தது. யாருக்காக ஊளையிடுவது என்பதில் அந்த விலங்குக்கு ஒரு தேர்வு இருக்கிறது என்று இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

என் அப்பத்தா படுக்கையில் விழுந்திருந்த காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெட்டை நாய் இரவெல்லாம் ஊளையிட்டது. வீட்டில் எல்லோரும் கலங்கிப் போனார்கள். பெரியப்பா கம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, அப்பத்தா கட்டிலில் இருந்தபடியே, “அத அடிக்காதடா. குட்டியப் பறிகொடுத்தவ கத்தத்தான் செய்வா” என்றார். தெருவில் குட்டிகள் பெருகிவிட்டன என்று சொல்லி, சிலர் அவற்றைச் சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், ஊளையைக் கேட்டவுடன் எங்கள் அனைவருக்கும் எமன்தான் நினைவுக்கு வந்தான். படுக்கையில் கிடந்தவருக்கு மட்டும் அந்தத் தாய் நினைவுக்கு வந்தாள். மழைக்காலத்தை ஒட்டி இணைசேரும் நம் தெரு நாய்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் ஈனுகின்றன. கண் திறக்காத குட்டிகளால் தங்கள் உடற்சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள இயலாது; தாயை விட்டுப் பிரிந்தவுடன் அவை போடும் கூச்சலும், தாய் அலைந்து அலைந்து இடும் ஊளையும் ஒரே பேச்சின் இரண்டு பாதிகள். குட்டிகள் பெருகக் கூடாது என்றால் கருத்தடைதான் வழி. சாக்கு வழியில்லை.

ஓநாயிலிருந்து பிரிந்த நாய், ஊளையை மறக்கவில்லையென்றாலும் பெரும்பாலும் குரைப்புக்கு மாறிவிட்டது. வளர்ந்த ஓநாய் அரிதாகவே குரைக்கும். நாயோ எதற்கும் குரைக்கும். மனிதனோடு வாழ வந்த பிறகு தொலைவிலிருக்கும் கூட்டத்தை அழைக்கும் தேவை குறைந்து, பக்கத்திலிருக்கும் மனிதனுக்குத் தெரிவிக்கும் தேவை கூடியதே இதற்குக் காரணம் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. புடாபெஸ்ட் நகரின் எட்வெஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. 68 வீட்டு நாய்களுக்கு ஓநாயின் ஊளையைப் போட்டுக் காட்டியபோது, சைபீரியன் ஹஸ்கி போல மரபில் ஓநாய்க்கு நெருக்கமான பழைய இனங்கள், அதிலும் வயது முதிர்ந்தவை, ஊளையாலேயே பதில் சொல்ல முற்பட்டன. அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்ட இனங்கள் பெரும்பாலும் குரைத்தன.

காட்டு நாயினங்களில் எல்லாமே ஊளையிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் செந்நாய் விசிலடிக்கிறது. 1970-களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த தமிழர் ஏ.ஜே.டி. ஜான்சிங் இந்த விலங்கைப் பற்றிய நம் அறிவுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர். புதர்க்காட்டில் மானைத் துரத்திச் சிதறிப்போன கூட்டம் மீண்டும் ஒன்றுசேர அந்த மெல்லிய விசில் உதவுகிறது. நரிகளோ அந்தி சாய்ந்ததும் ஒன்று தொடங்க மற்றவை சேர்ந்துகொண்டு கூட்டமாக ஊளையிடும். ஊர் ஓரத்து நாய்கள் அதற்குப் பதில் கொடுப்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

குரைப்பை வெறும் இரைச்சல் என்று நினைப்பவர்கள் ஹங்கேரியில் நடந்த மற்றொரு சோதனையை அறிந்துகொள்வது நல்லது. முதி என்ற மேய்ச்சல் நாயின் குரைப்பைப் பல சூழல்களில் பதிவு செய்தார்கள்: அந்நியர் வாசலுக்கு வந்தபோது, மரத்தில் கட்டித் தனியே விட்டபோது, பந்தைக் காட்டியபோது, நடைக்குப் புறப்பட்டபோது, விளையாட்டின்போது. அந்தப் பதிவுகளைக் கேட்ட மனிதர்கள், நாய் வளர்த்த பழக்கம் இல்லாதவர்கள்கூட, எது எந்தச் சூழலில் எழுந்த குரைப்பு என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கணிசமாகச் சரியாகச் சொன்னார்கள். பீட்டர் போங்ராட்ஸும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட இந்த முடிவு எனக்கு வியப்பைத் தரவில்லை. தபால்காரரைப் பார்த்துக் குரைப்பதும், வீட்டுப் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும்போது குரைப்பதும் வேறு வேறு என்பது நாய் இருக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கரகரப்பாகத் தாழ்ந்து வரும் குரல் மிரட்டல். உயர்ந்து கீச்சிடும் குரல் பணிவு அல்லது கெஞ்சல். பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் பொதுவான இந்த ஒழுங்கை யூஜின் மார்ட்டன் என்ற உயிரியலாளர் 1977-இலேயே எடுத்துக் காட்டினார். பெரிய உடலிலிருந்து தாழ்ந்த குரலே வரும் என்பதால், சண்டைக்கு நிற்கும் விலங்கு தன்னைப் பெரிதாகக் காட்டக் குரலைத் தாழ்த்துகிறது. இணங்கிப் போகும் விலங்கு குட்டியைப் போலக் குரலை உயர்த்துகிறது.

உறுமலில் இன்னும் நுட்பம் இருக்கிறது. எலும்பைக் காக்கும்போது உறுமியதையும், அந்நியரைக் கண்டு உறுமியதையும், விளையாட்டில் உறுமியதையும் தனித்தனியே பதிவு செய்து, ஒரு எலும்பை நெருங்கும் நாய்க்கு ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். எலும்பைக் காக்கும் உறுமலைக் கேட்ட நாய்கள்தாம் பெரும்பாலும் பின்வாங்கின. அந்நியரைக் கண்ட உறுமலும் மிரட்டல்தானே, மனிதக் காதுக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லையே என்று நாம் கேட்கலாம். நாய்க்கு அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இருந்தாலும், நாயின் பேச்சில் பெரும்பகுதி ஓசையே இல்லாதது. மனிதர்கள் கடிபடுவதும் பெரும்பாலும் அதைப் படிக்கத் தெரியாததால்தான். வாலாட்டினால் நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்; அது பாதி உண்மைதான். உடல் விறைத்து, வாலைக் கொம்புபோல் உயர்த்தி, அதன் நுனியை மட்டும் வேகமாக அசைக்கும் நாயின் அருகே போகக் கூடாது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் கண்டறிந்தபடி, தன்னை வளர்ப்பவரைப் பார்க்கும் நாயின் வால் சற்று வலப்பக்கம் சாய்ந்தும், மிரட்டும் தோற்றமுள்ள அறிமுகமற்ற நாயைப் பார்க்கும்போது சற்று இடப்பக்கம் சாய்ந்தும் ஆடுகிறது. அதே குழுவினர் 2013-இல், இடப்பக்கம் சாய்ந்து ஆடும் வாலைப் படமாகப் பார்த்த நாய்களின் இதயத் துடிப்பு கூடியதையும் காட்டினார்கள். நாம் கவனிக்காத அந்தச் சிறு சாய்வை மற்ற நாய்கள் கவனிக்கின்றன. பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது ஆகியவை என்னை விடு என்று சொல்லும் அடையாளங்கள். நம் பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் நாயின் கழுத்தைக் கட்டிப் பிடிக்கிறார்கள். முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தைத் தூக்கி நிற்பது விளையாட்டுக்கான அழைப்பு. அதன் பிறகு வரும் துரத்தலும் கடியும் விளையாட்டென்று இரண்டு நாய்களும் ஒப்புக்கொண்டுவிட்டன என்பதே அதன் பொருள். தெருவில் குரைத்துக்கொண்டு வரும் நாயைக் கண்டால் ஓடாமல், கண்ணோடு கண் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நிற்பது நல்லது என்று பெரியவர்கள் சொல்வது சரியானதே, ஏனென்றால் ஓட்டம் துரத்தலைத் தூண்டுகிறது, நேர்ப்பார்வை சவாலாகிறது.

மோப்பத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மின்கம்பத்தில் காலைத் தூக்கும் நாய், தன் இனம், பால், உடல்நிலை முதலியவற்றை அங்கே எழுதி வைத்துவிட்டுப் போகிறது. பின்னால் வருவது அதைப் படித்து, அதன் மேலேயே தன்னுடையதையும் எழுதுகிறது.

நாய்கள் நம்மோடு பேசுவதற்கென்று வளர்த்துக்கொண்ட திறமையும் உண்டு. 2019-இல் வெளியான உடற்கூறு ஆய்வு ஒன்று, உட்புருவத்தை உயர்த்தும் தசை நாய்களிடம் நன்கு வளர்ந்திருப்பதையும், ஓநாய்களிடம் அது பெரும்பாலும் சில இழைகளாக மட்டும் இருப்பதையும் கண்டது. நம்மைக் கரைத்துவிடும் அந்தக் கெஞ்சும் பார்வை இந்தத் தசையால் வருவது. மனிதரைப் புரிந்துகொள்ளும் திறன் வீட்டு நாய்க்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். கொல்கத்தாவில் ஐஐஎஸ்இஆர் என்னும் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு நம் நாட்டுத் தெரு நாய்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. எந்தப் பயிற்சியும் பெறாத அந்த நாய்கள், முன்பின் தெரியாத மனிதர் கைநீட்டிக் காட்டிய கிண்ணத்தை நோக்கிப் போயின என்று 2020-இல் அவர்கள் எழுதினார்கள். நெருங்கி வந்த நாய்களில் பத்தில் எட்டு சரியாகப் புரிந்துகொண்டன. ஆனால் ஏறத்தாழ பாதி நாய்கள் பயந்து நெருங்கவே இல்லை. அந்தப் பாதி நாய்களின் பயத்துக்கும் நாம் எறிந்த கற்களுக்கும் தொடர்பு இருக்கும் என்றே நான் நம்புகிறேன். அதே குழுவின் முந்தைய ஆய்வில், முகமறியாதவர் ஒருவர் திரும்பத் திரும்ப வந்தபோது, உணவு கொடுத்தவரைவிடத் தலையைத் தடவிக் கொடுத்தவரையே தெரு நாய்கள் அதிகமாக நம்பின.

ஊளை உடல்நலக் குறையின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் வேலைக்குப் போன பிறகு ஊளையிடும் நாய்க்கு வேண்டியது அதட்டல் அல்ல; ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனிமையைச் சிறிது சிறிதாகப் பழக்கினால், போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதை அது கற்றுக்கொள்ளும். அதுவரை இல்லாமல் திடீரென ஊளையிடத் தொடங்கினால் வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநோய் கண்ட நாயின் குரல், தொண்டைத் தசைகள் செயலிழப்பதால், கம்மிப்போய் வழக்கத்துக்கு மாறாக ஒலிக்கும்; தாடை தொங்கி எச்சில் ஒழுகும். அப்படிப்பட்ட நாயிடமிருந்து விலகிவிட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கி, சொன்ன நாட்களில் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். முதிய நாய்களுக்கு மூளைத் தளர்ச்சியால் இரவும் பகலும் குழம்பிப்போவது உண்டு. காது மந்தமாகிக் கண்ணும் மங்கிவிட்டால் தன் வீட்டிலேயே அது வழிதெரியாமல் நின்று ஊளையிடும். அப்படிப்பட்ட நாயை வெளித்திண்ணையில் கட்டிப் போடாமல், வீட்டார் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து, சிறிய விளக்கொன்றை எரியவிட்டுப் படுக்கவைத்தால் பெரும்பாலும் ஊளை குறைந்துவிடும். குறையாவிட்டால் அதற்கும் மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேட்கலாம்.